டி.சி. மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்ட ஒரு சுவிட்ச்: சோலார் பேனலைச் சாய்ப்பவர்களுக்கான ஒயரிங் பாடம்

சோலார் பேனலைக் காலையில் கிழக்கே சாய்த்து, மாலையில் மேற்கே திருப்பிவைக்க விரும்புகிறவர்கள் வாங்குவது ஆக்சுவேட்டர் என்ற கருவி. உலோக உறைக்குள்ளிருந்து ஓர் எஃகுத் தண்டு நீண்டு பேனல் சட்டத்தைத் தள்ளும்; உள்ளே போகும்போது சட்டத்தை இழுக்கும். உறைக்குள் இருப்பவை ஒரு சிறிய டி.சி. மோட்டார், சில பல்சக்கரங்கள், ஒரு நீளமான திருகு. வெளியே வருவது பெரும்பாலும் இரண்டே ஒயர்கள். பெரிய டிஷ் ஆன்டெனாக்களைத் திருப்பியதும் இதே கருவிதான். அந்தப் பழைய டிஷ் ஆக்சுவேட்டர்கள் 36 வோல்ட்டுக்கு ஆனவை. பழைய சாமான் கடையில் அகப்பட்டால் 12 வோல்ட்டிலும் ஓடும், மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்.

சூரியன் வானில் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. அதை நொடிதோறும் துரத்த வேண்டியதில்லை. பேனலின் முகம் 22 டிகிரி விலகியிருந்தாலும் நேரடி வெயிலில் இழப்பது சுமார் 7 சதவீதம்தான். ஆகவே காலை, நண்பகல், பிற்பகல் என மூன்று வேளை கையால் ஒரு சுவிட்சை அழுத்தினாலே, தானியங்கிக் கருவி தரும் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். தானியங்கி வைத்திருப்பவர்களுக்கும் கைச் சுவிட்ச் ஒன்று வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் பேனலைப் படுக்கவைக்க அதுதான் கைகொடுக்கும்.

இந்த வேலையில் மோட்டாரைத் திருப்பி ஓட்டுவது எளிதான பாதி. ஓடுவதை எங்கே, எப்படி நிறுத்துவது என்பதே கடினமான பாதி. பலர் முதல் பாதியைக் கற்றுக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிடுகிறார்கள். சுவிட்ச் கருகுவதும் சட்டம் வளைவதும் இரண்டாம் பாதியில்தான் நடக்கின்றன.

எந்த மோட்டார் திரும்பும்?

பள்ளியில் படித்த ஃபிளெமிங்கின் இடக்கை விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். காந்தப் புலத்தின் திசை, மின்னோட்டத்தின் திசை, விசையின் திசை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்து. இவற்றில் காந்தப் புலம் மாறாமல் மின்னோட்டம் மட்டும் எதிர்த்திசைக்குப் போனால் விசையும் எதிர்த்திசைக்குப் போகும். ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் மோட்டாரில் காந்தப் புலத்தைத் தருவது நிலைக்காந்தம். அது எப்போதும் ஒரே திசையில்தான் இருக்கும். பேட்டரியின் பாசிட்டிவையும் நெகட்டிவையும் இடம் மாற்றினால் சுற்றும் பகுதியில் ஓடும் மின்னோட்டம் மட்டும் திரும்புகிறது. மோட்டாரும் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.

வீட்டு மிக்ஸி மோட்டாரில் இது நடக்காது. அதில் நிலைக்காந்தம் இல்லை. காந்தப் புலத்தையும் ஒரு கம்பிச்சுருள்தான் உண்டாக்குகிறது. துருவத்தை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே திரும்புவதால் சுழலும் திசை அப்படியே இருக்கும். பிரஷ் இல்லாத பி.எல்.டி.சி. மோட்டார் இன்னும் வேறு சாதி. சோலார் நீர்மூழ்கிப் பம்புகளிலும் புதிய மின்விசிறிகளிலும் இருப்பது அதுதான். அதன் கன்ட்ரோலருக்குப் போகும் பாசிட்டிவ், நெகட்டிவை மாற்றிக் கொடுத்தால் திசை மாறாது, கன்ட்ரோலர்தான் எரியும். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எதையும் அதில் செய்து பார்க்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை, பழைய கார் வைப்பர் மோட்டாரை வாங்கி வேலை பார்ப்பவர்களுக்கு. மலிவு, நல்ல இழுவிசை, எங்கும் கிடைக்கும், எல்லாம் சரி. ஆனால் பல வைப்பர் மோட்டார்களில் இரும்பு உடம்பே நெகட்டிவ் இணைப்பாக இருக்கும். துருவத்தை மாற்றியதும் உடம்பு பாசிட்டிவ் ஆகிவிடும். அந்த உடம்பு பேனல் சட்டத்தில் திருகப்பட்டு, சட்டமும் எங்கோ பேட்டரி நெகட்டிவுடன் தொடர்பில் இருந்தால், அது நேரடி ஷார்ட் சர்க்யூட். மல்டிமீட்டரின் ஒரு முனையை உடம்பிலும் மறு முனையை ஒயரிலும் வைத்துப் பாருங்கள். தொடர்பு காட்டினால், மோட்டாரை மரம் அல்லது ரப்பர் தகட்டின் மேல் பொருத்தி, திருகுகளையும் சட்டத்திலிருந்து பிரித்துவைக்க வேண்டும்.

ஆறு கால் சுவிட்ச்

தேவையான சுவிட்சின் பெயர் டி.பி.டி.டி. சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ இந்த நான்கு எழுத்துகளைச் சொன்னால் போதும். ஒரே நெம்புகோலால் இயங்கும் இரண்டு சுவிட்சுகள் ஒரே பெட்டிக்குள் இருக்கும். பின்புறத்தில் ஆறு கால்கள். இடது வரிசையை மேலிருந்து கீழாக 1, 2, 3 என்றும் வலது வரிசையை 4, 5, 6 என்றும் வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ள 2, 5 ஆகியவை பொதுக் கால்கள். நெம்புகோலை ஒரு பக்கம் தள்ளினால் 2-உடன் 1-உம் 5-உடன் 4-உம் சேரும். மறுபக்கம் தள்ளினால் 2-உடன் 3, 5-உடன் 6. டாகிள் வகையில் நெம்புகோலை மேலே தள்ளும்போது பெரும்பாலும் கீழ்க் கால்கள்தான் சேரும். பார்த்துக் குழம்ப வேண்டாம், மீட்டரில் சோதித்தால் தெரிந்துவிடும்.

ஒயரிங் இவ்வளவுதான். ஃபியூஸ் வழியாக வரும் பேட்டரி பாசிட்டிவை 2-இலும் நெகட்டிவை 5-இலும் இணையுங்கள். மோட்டாரின் இரண்டு ஒயர்களை 1-இலும் 4-இலும் இணையுங்கள். பிறகு இரண்டு சிறு துண்டு ஒயர்கள் குறுக்காக: 1-லிருந்து 6-க்கு ஒன்று, 4-லிருந்து 3-க்கு ஒன்று. சுவிட்சின் முதுகில் பெருக்கல் குறி தெரியும்.

ஒரு முறை மின்னோட்டத்தின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். 2 மேலே 1-உடன் சேர்ந்தால் பாசிட்டிவ் மோட்டாரின் முதல் ஒயருக்குப் போகிறது. 4 வழியாக இரண்டாம் ஒயர் நெகட்டிவுக்கு வருகிறது. நெம்புகோலை மாற்றினால் 2 கீழே 3-உடன் சேர்கிறது. 3 குறுக்கு ஒயரால் 4-உடன் கட்டப்பட்டிருப்பதால் பாசிட்டிவ் இப்போது இரண்டாம் ஒயருக்குப் போய்விட்டது. முதல் ஒயர் 1, 6, 5 என்று சுற்றி நெகட்டிவைச் சேர்கிறது. திசை மாற்றம் என்பது இந்த இரண்டு துண்டு ஒயர்களின் வேலைதான்.

பேட்டரியை வெளிக் கால்களிலும் மோட்டாரை நடுக் கால்களிலும் இணைக்கும் படங்களையும் பார்க்கலாம். அதுவும் வேலை செய்யும். நான் முதல் முறையையே விரும்புகிறேன்: சுவிட்ச் அணைந்திருக்கும்போது நடுவில் உள்ள இரண்டு கால்களில் மட்டும்தான் மின்சாரம் நிற்கும், குறுக்கு ஒயர்கள் மின்சாரமின்றி இருக்கும்.

துண்டு ஒயர்களைக் குறுக்காகப் போடாமல் 1-ஐ 3-உடனும் 4-ஐ 6-உடனும் நேராகக் கட்டிவிட்டால் பெரிய ஆபத்து இல்லை. இரண்டு பக்கமும் ஒரே திசையில் ஓடும், அவ்வளவே. ஆனால் 1-ஐ 4-உடனோ 3-ஐ 6-உடனோ கட்டினால், சுவிட்சைப் போட்டதும் பேட்டரி ஷார்ட் ஆகும். அதனால் மோட்டாரை ஓட்டுமுன் இரண்டு சோதனைகள். முதலாவது: மோட்டாரைக் கழற்றிவிட்டு, மீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, 2-க்கும் 5-க்கும் இடையே பாருங்கள். நெம்புகோலின் மேல், நடு, கீழ் என மூன்று நிலைகளிலும் ஒலி வரக் கூடாது. மோட்டார் இணைந்திருந்தால் அதன் சுருள் வழியாகவே ஒலி வந்து ஏமாற்றும். எனவே கழற்றுவது அவசியம். இரண்டாவது: பேட்டரியை இணைத்து, மோட்டாருக்குப் போகும் ஒயர்களில் வோல்ட் பாருங்கள். ஒரு பக்கம் 12.6, நடுவில் பூஜ்யம், மறுபக்கம் கழித்தல் குறியுடன் 12.6 என்று காட்டினால் ஒயரிங் சரி.

நடுவில் ஒரு நிறுத்தம்

டி.பி.டி.டி. சுவிட்சில் இரண்டு நிலை வகையும் உண்டு, நடுவில் அணைந்து நிற்கும் மூன்று நிலை வகையும் உண்டு. நமக்கு மூன்று நிலைதான் வேண்டும். காரணத்தை எண்களில் பார்த்தால் மனத்தில் நிற்கும்.

ஒரு 12 வோல்ட் மோட்டாரின் உள் மின்தடை 0.6 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது 3 ஆம்பியர் இழுக்கிறது. 12-ஐ 0.6-ஆல் வகுத்தால் 20 வருகிறதே, ஏன் 3 மட்டும்? சுற்றும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டராகவும் இருந்து பேட்டரிக்கு எதிராக வோல்ட் உண்டாக்குகிறது. இங்கே அது 10.2 வோல்ட். மிச்சமுள்ள 1.8 வோல்ட்தான் 3 ஆம்பியரைத் தள்ளுகிறது. மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் இந்த எதிர்ப்பு இல்லை. அப்போது 20 ஆம்பியர் பாயும். தண்டு எங்காவது சிக்கி நின்றாலும் அதே 20.

இப்போது முழு வேகத்தில் ஓடும் மோட்டாரைச் சட்டென்று திருப்புங்கள். அதுவரை எதிர்த்துக்கொண்டிருந்த 10.2 வோல்ட் இனி பேட்டரியோடு கைகோத்துக்கொள்ளும். 12 கூட்டல் 10.2, மொத்தம் 22.2 வோல்ட், அதை 0.6-ஆல் வகுத்தால் 37 ஆம்பியர். 3 ஆம்பியர் மோட்டாருக்கு 5 ஆம்பியர் சுவிட்ச் போதும் என்று நினைத்தவரின் சுவிட்ச் இந்த இடத்தில்தான் கருகுகிறது. பல்சக்கரத்துக்கும் இது, ஓடும் பஸ்ஸை ரிவர்ஸ் கியரில் போட்டது போன்ற அடி. நடுநிலையில் ஒரு நொடி நிறுத்தினால் திருகு மோட்டாரை நிறுத்திவிடும். பிறகு வழக்கமான 20 ஆம்பியருடன் கிளம்பும்.

மூன்று நிலையிலும், கையை எடுத்ததும் ஸ்பிரிங்கால் தானே நடுவுக்கு வந்துவிடும் வகையை வாங்குங்கள். பேனலைப் பார்த்துக்கொண்டே அழுத்துவீர்கள், வேண்டிய சாய்வு வந்ததும் விடுவீர்கள். அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகும் வாய்ப்பையே அது தராது.

சுவிட்சில் அச்சிட்டிருக்கும் ஆம்பியரையும் கவனமாகப் படிக்க வேண்டும். 250 வோல்ட் ஏ.சி., 15 ஆம்பியர் என்று இருந்தால் அது டி.சி.க்கும் 15 ஆம்பியர் என்று பொருளல்ல. வீட்டு ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. சுவிட்ச் திறக்கும்போது எழும் பொறி அடுத்த பூஜ்யத்தில் அணைந்துவிடும். டி.சி.யில் பூஜ்யம் வராது. பொறி நீண்டு எரிந்து, உலோகத்தை உருக்கி, சில சமயம் தொடுமுனைகளை ஒட்டவைத்துவிடும். 12 வோல்ட்டில் இது சமாளிக்கக்கூடியது, 24-இல் கவனம் வேண்டும், 48-க்கு இந்தச் சாதாரண சுவிட்ச் வேண்டாம். கூரையில் பேனல்களைத் தொடராக இணைத்து, இன்வெர்ட்டருக்கு நூற்றுக்கணக்கான வோல்ட்டில் இறங்கும் ஒயர் பக்கமே இதைக் கொண்டுபோகக் கூடாது. அங்கே எழும் பொறி ஆளைக் கொல்லும்.

முனையில் நிறுத்துவது

கடையில் வாங்கும் ஆக்சுவேட்டருக்குள் பெரும்பாலும் இரண்டு முனைகளிலும் லிமிட் சுவிட்ச் இருக்கும். வைப்பர் மோட்டார் வைத்து நீங்களே கட்டினால் அதையும் நீங்களேதான் பொருத்த வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. புதிதாகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

லிமிட் சுவிட்ச் சாதாரணமாக மூடியிருக்கும். சட்டம் வந்து முட்டினால் திறக்கும். அதை மோட்டார் ஒயரில் தொடராகப் போட்டால் முனையில் மோட்டார் நின்றுவிடும். நல்லது. ஆனால் இப்போது திருப்பி ஓட்டலாம் என்று சுவிட்சை மாற்றினால் ஒன்றும் நடக்காது. லிமிட் சுவிட்ச் திறந்தே இருக்கிறதே, மின்சாரம் எப்படிப் போகும்? முனைக்குப் போனது திரும்பி வரவில்லை என்ற புகாருக்குப் பாதிக்கு மேல் காரணம் இதுதான்.

ஒவ்வொரு லிமிட் சுவிட்சுக்கும் இணையாக ஒரு டையோடு போட்டால் தீர்ந்தது. டையோடு மின்னோட்டத்தை ஒரே திசையில்தான் விடும். கிழக்கு முனையின் லிமிட் சுவிட்சில் உள்ள டையோடு, மேற்கே போவதற்கான மின்னோட்டத்தை மட்டும் விடும்படி இருக்க வேண்டும். கிழக்கே போய் முட்டியதும் சுவிட்ச் திறக்கும், அந்தத் திசை மின்னோட்டத்தை டையோடும் விடாது, மோட்டார் நிற்கும். நெம்புகோலை மாற்றினால் மின்னோட்டம் எதிர்த்திசை, டையோடு வழிவிடும், சட்டம் முனையைவிட்டு நகரும். நகர்ந்ததும் லிமிட் சுவிட்ச் மறுபடி மூடிக்கொள்ளும். டையோடுக்கு அப்புறம் வேலையில்லை. மேற்கு முனையில் இதற்கு நேர்மாறாக இன்னொரு டையோடு.

டையோடைத் தலைகீழாகப் போட்டால் என்ன ஆகும்? லிமிட் சுவிட்ச் திறந்தும் மோட்டார் நிற்காது. டையோடு வழியாக ஓடிக்கொண்டே இருக்கும், சட்டம் வளையும். ஆகவே சட்டத்தை மோட்டாரோடு பூட்டுவதற்கு முன்பே, மோட்டார் வெறுமனே ஓடும்போது ஒவ்வொரு லிமிட் சுவிட்சையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு திசையில் நிற்க வேண்டும், மறு திசையில் அழுத்தினாலும் ஓட வேண்டும். டையோடுக்குக் கிளம்பும் கணத்தின் பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் வலுவும் வேண்டும். எங்கும் கிடைக்கும் 1 ஆம்பியர் டையோடு பற்றாது. 10 ஆம்பியர் வகையை வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

டையோடு பற்றிப் பேசும்போதே ஒன்று. ஒரே திசையில் ஓடும் மோட்டாரின் இரண்டு ஒயர்களுக்கு நடுவே, அணைக்கும்போது எழும் மின் உதைப்பை அடக்க ஒரு டையோடு போடும் வழக்கம் உண்டு. திருப்பி ஓட்டும் மோட்டாரில் அதைப் போடவே கூடாது. ஒரு திசையில் அது சும்மா இருக்கும். மறுதிசையில் பேட்டரியை நேரடியாக ஷார்ட் செய்யும். மின்பொறி இரைச்சலைக் குறைக்க, துருவம் இல்லாத 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றை மோட்டாரின் கால்களிலேயே பற்றவைத்தால் போதும்.

மின்சாரம் எங்கிருந்து?

பேனலிலிருந்தே நேரடியாக எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். 12 வோல்ட் பேனல் என்று விற்கப்படுவது வெயிலில் சுமை இல்லாமல் 21 வோல்ட்டுக்கு மேல் தரும். அதே பேனல் மின்னோட்டத்தில் கஞ்சன். 100 வாட் பேனலின் இரு முனைகளையும் சேர்த்தே பிடித்தாலும் சுமார் 6 ஆம்பியர்தான் வரும். கிளம்புவதற்கு 20 கேட்கும் மோட்டார் காலை வெயிலில் முனகிக்கொண்டு நிற்கும், நண்பகலில் ஓடும். இந்தக் குணத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: பேனல் பக்கத்தில் 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தால், ஷார்ட் ஆனாலும் அது உருகாது.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலரில் பல்பு படம் போட்ட லோடு முனையும் ஏற்றதல்ல. சிறிய கன்ட்ரோலர்களில் அது 10 ஆம்பியர் அளவுக்கே ஆனது. மோட்டார் கிளம்பும் உதையில் தன்னை அணைத்துக்கொள்ளும், இல்லையேல் கெட்டுப்போகும். நேராகப் பேட்டரியிலிருந்து எடுங்கள். பேட்டரி வறண்டுவிடும் என்ற பயம் தேவையில்லை. 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுத்து 40 நொடி ஓடினால் செலவாவது அரை வாட்-மணி. நாளுக்கு ஆறு முறை ஓட்டினாலும் 3 வாட்-மணிதான். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பதோ 1200.

அந்தப் பேட்டரிதான் இந்த அமைப்பிலேயே பயப்பட வேண்டிய பொருள். ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்த ஃபியூஸ் இடையில் உள்ள ஒயரைக் காப்பாற்றாது. நம் எடுத்துக்காட்டு மோட்டாருக்கு 10 ஆம்பியர் வாகன ஃபியூஸ் பொருத்தம்: கிளம்பும் கணத்தின் 20 ஆம்பியரைத் தாங்கும், தண்டு சிக்கி நின்றால் சற்று நேரத்தில் உருகும்.

ஒயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். பேட்டரியிலிருந்து மோட்டார் 10 மீட்டர் தள்ளியிருந்தால் போக வர 20 மீட்டர். 1 சதுர மி.மீ. செப்பு ஒயரில் 10 ஆம்பியர் ஓடும்போது 3.6 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும், 2.5 சதுர மி.மீ. ஒயரில் 1.5 வோல்ட். மெலிந்த ஒயரால் இழுவிசை குறைந்த மோட்டாரை, மோட்டார் கெட்டுவிட்டது என்று கழற்றிக்கொண்டு பழுது பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

மோட்டார் பெரிதாக இருந்தால், அல்லது சுவிட்ச் வீட்டுக்குள்ளும் மோட்டார் மொட்டைமாடியிலும் இருந்தால், ஐந்து கால் கார் ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச், இரண்டு வாங்கிக்கொள்வது நல்லது. ஒவ்வொரு ரிலேயிலும் 30 என்று எண்ணிட்ட காலை மோட்டாரின் ஓர் ஒயருக்கும், 87-ஐ ஃபியூஸ் வழியாகப் பாசிட்டிவுக்கும், 87ஏ காலை நெகட்டிவுக்கும் கொடுங்கள். ஒரு ரிலே இழுத்தால் மோட்டார் ஒரு பக்கம், மற்றது இழுத்தால் மறுபக்கம். இரண்டும் ஓய்வில் இருக்கும்போது மோட்டாரின் இரு முனைகளும் நெகட்டிவில் சேர்ந்திருப்பதால் அது சட்டென்று பிரேக் பிடித்ததுபோல் நிற்கும். இரண்டும் தவறுதலாக ஒன்றாக இழுத்தாலும் இரு முனையும் பாசிட்டிவ். மோட்டார் ஓடாது, ஷார்ட்டும் ஆகாது. கைச் சுவிட்ச் வழியாகப் போவது ரிலே காயிலின் (உள்ளிருக்கும் கம்பிச்சுருளின்) சொற்ப மின்னோட்டம் மட்டும். மெல்லிய ஒயர் போதும். லிமிட் சுவிட்சுகளையும் அந்தந்தக் காயில் ஒயரிலேயே தொடராகப் போட்டுவிடலாம். அப்போது முன்னே சொன்ன இரண்டு டையோடுகளும் தேவைப்படாது.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் பேனல்களை ரோபோக்கள் துடைக்கின்றன. வரிசையின் முனைக்குப் போய்த் திரும்பிவரும் எந்த இயந்திரத்துக்கும் முனையை உணர்தல், நிற்றல், திசை மாறுதல் என்ற இந்த மூன்றும் வேண்டும். அங்கே விரலின் வேலையை மின்னணுச் சுற்று பார்த்துக்கொள்கிறது. நீங்களும் பிற்காலத்தில் டைமரோ வெயில் உணர்வியோ வைக்க நினைத்தால், ரிலே முறையில் கட்டியிருப்பது வசதி. கைச் சுவிட்சுக்கு இணையாக அதன் ஒயரைச் சேர்த்தால் போதும்.

எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்க்கும்போது நெம்புகோலை மேலே தள்ளினால் பேனல் கீழே போகக்கூடும். பேட்டரி ஒயரையோ குறுக்கு ஒயரையோ தொட வேண்டாம். லிமிட் சுவிட்சுகளை நீங்களே பொருத்தியிருந்தால் மோட்டார் ஒயரையும் மாற்ற வேண்டாம். டையோடுகளின் திசைக் கணக்கு அதில் குலைந்துவிடும். சுவிட்சைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பொருத்திவிடுங்கள்.